காதால் கேட்டு கீபோர்டு பழகிய கதை

பாட்டைக் கேட்டே கீபோர்டில் எடுக்க வேண்டும் என்று உட்கார்ந்த நான் முதலில் செய்தது தப்பான வேலை. பாட்டைப் போட்டால் கார்டுகளை (chord, சேர்த்து அமுக்கும் ஸ்வரக் கூட்டம்) தானே காட்டும் ஒரு செயலியை இறக்கி, திரையைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். இரண்டே வாரத்தில் ஆறு பாட்டு தெரிந்துவிட்டதாக நினைப்பு. அப்புறம் ஒரு வீட்டு விசேஷத்தில் பாட வந்தவர், "தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிக்கலாமா தம்பி?" என்றார். சுருதியை இறக்கி வாசிக்கத் தெரியாமல் கை அப்படியே நின்றுவிட்டது. கீபோர்டின் சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருப்பதுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அதன் பிறகுதான் ஆடாசிட்டிக்கு வந்தேன். ஒலிப்பதிவுகளைத் திருத்தும் இலவச மென்பொருள். எனக்குத் தேவைப்பட்டது அதில் இரண்டே எஃபெக்ட். சேஞ்ச் டெம்போவில் மைனஸ் 30 சதவீதம் கொடுத்தால் பாட்டு மெதுவாகும், சுருதி மாறாது. சேஞ்ச் ஸ்பீடைத் தொட்டுவிடாதீர்கள். அதில் சுருதியும் சேர்ந்து இறங்கும், பாதி வேகம் வைத்தால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். இன்னொன்று, வேகம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றும் சேஞ்ச் பிட்ச். பேஸ் கிட்டார் வெறும் உறுமலாகக் கேட்கிறதா? 12 செமிடோன் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம் ஒரு செமிடோன்), அதாவது ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள், ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகத் தெரியும். கேசட்டிலிருந்து ஏற்றிய பழைய பாட்டுகள் சில சமயம் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் தொங்கும். நம் காதுதான் கோளாறு என்று இரண்டு நாள் அழுதிருக்கிறேன். அரை செமிடோனுக்குள் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் கீபோர்டோடு சேர்ந்துவிடும்.

இனி பழகும் முறை. நான்கைந்து வினாடி மட்டும் தேர்ந்தெடுத்து லூப்பில் ஓடவிடுங்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வரியை 'லா லா' என்று பிசிறில்லாமல் முணுமுணுக்க வரும்வரை கீபோர்டைத் தொடாதீர்கள். பாட வராத வரியை விரல் தேடினால் குருட்டாம்போக்கில்தான் தேடும். பிறகு ஷட்ஜத்தை, அதாவது 'ச'வைப் பிடியுங்கள். பாட்டு எந்த ஸ்வரத்தில் வந்து இளைப்பாறுகிறதோ, பெரும்பாலும் அதுதான். அது கிடைத்த பிறகு மற்றதை 'ச'விலிருந்து எவ்வளவு தூரம் என்றே மனதில் வையுங்கள். பாடுபவர் சுருதியை மாற்றினாலும் பயமில்லை.

மெதுவாக்குவதில் ஒரு பொறி உண்டு. பாதி வேகத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது) உதிரி உதிரியாகக் கேட்கும். அத்தனையையும் அமுக்கினேன், அசல் வேகத்தில் வாசித்தபோது டைப்ரைட்டர் அடித்தது போலிருந்தது. குரல் உண்மையில் நிற்கும் ஸ்வரம் இரண்டோ மூன்றோதான். மற்றதைக் கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டில் வளைக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். அதனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் அசல் வேகத்தில் ஒருமுறை கேட்டு, எது வேண்டாம் என்று கழித்துவிடுங்கள்.

அந்தக் கார்டு செயலியை இன்னும் அழிக்கவில்லை. பாட்டை முழுதாக எடுத்து முடித்த பிறகு ஒப்பிட மட்டும் திறப்பேன். மைனர் கார்டு வரும் இடத்தில் அது மேஜர் கார்டு என்று தப்பாகக் காட்டினால் ஓர் அற்ப சந்தோஷம்.