டீபாய்மேல் ஒரு சொம்பு

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா நான்கு ஆந்தூரியம் பூக்களோடு வந்தார். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். டீபாய்மேல் இருந்த என் பித்தளைச் சொம்பை எடுத்து, பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூக்களைச் செருகி நடுவில் வைத்தார். "ஸோலி!" என்றார். மொரீஷியஸின் கிரியோல் மொழியில் அழகு என்று அர்த்தம். எனக்கென்னவோ சொம்பின் சோலி முடிந்தது என்றுதான் கேட்டது.

அது நான் தண்ணீர் குடிக்கிற சொம்பு. அம்மாவின் சீரில் வந்தது, கும்பகோணத்தில் வாங்கிப் பேர் வெட்டியது.

மொரீஷியஸுக்கு வந்து மூன்று வருஷம். ரோஸ்ஹில் பழகிவிட்டது, வனிலா மணக்கும் ப்வா ஷெரி டீகூடப் பழகிவிட்டது. பழகாதது இந்த டீபாய் அலங்காரம்தான். யார் வீட்டுக்குப் போனாலும் குரோஷா விரிப்பு, க்யூர்பிப்பில் செய்த மரக்கப்பல், ஷமரேலின் ஏழு வண்ண மண் அடுக்கிய கண்ணாடிக் குழாய். கோப்பையை வைக்க ஓரங்குல இடம் இருக்காது, மடியில் ஏந்திக்கொண்டே பேச வேண்டும். பேர் மட்டும் காபி டேபிள்!

எங்கள் வீட்டு டீபாய் உழைத்தது. (டீபாய்க்கும் டீக்கும் சம்பந்தமில்லை. முக்காலி என்று பொருள்படும் இந்திச் சொல் அது. எங்களுடையதற்கு நான்கு கால்.) கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், அப்பாவின் மூக்குக் கண்ணாடி, உரித்த கடலைத்தோல், டவரா பதித்த வட்டக் கறைகள். கறையை எண்ணினால் வந்துபோன விருந்தாளிகளின் கணக்கே கிடைக்கும்.

கோபத்தோடுதான் மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அதே கப்பல், அதே மண். நடுவில் நசுங்கிய ஒரு சொம்பு, அதிலும் ஆந்தூரியம். பாட்டியின் பாட்டி ஊரிலிருந்து வந்தபோது கையோடு கொண்டுவந்ததாம். ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் துறையின் படிகளையும் அது ஏறியிருக்கும். பூவை எடுத்து வைத்துவிட்டு, கழுத்தருகே இருந்த புள்ளிகளைக் காட்டி, இது என்ன கோலம் என்று கேட்டார்.

பேர் வெட்டியிருந்தது. அக்காவின் பர்ஸில் இருக்கும் ஒவ்வொரு மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலும் தமிழ் உண்டு, படிக்கத்தான் தெரியாது. முதலில் 'மீ', கடைசியில் 'சி'. தேய்த்துத் தேய்த்து நடு எழுத்துகள் போய்விட்டன.

"மீனாட்சியாத்தான் இருக்கும், அக்கா."

நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் 'ட்'டில் நாக்கு இடறியது.

என் சொம்பில் பூ அப்படியே இருக்கிறது. எடுக்க மனசு வரவில்லை. சரி, காபியைத் தரையில் வைத்துக் குடித்துக்கொள்கிறேன். தாத்தா திண்ணையில் அப்படித்தான் குடிப்பார். ஆனால் நேற்று ராத்திரி தாகத்தில், இருட்டில் பழக்கதோஷத்தில் சொம்பைத் தூக்கி அண்ணாந்தேன். மூக்கில் ஆந்தூரியம் குத்தியது.