கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னையின் சந்நிதியில்

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி சாலையில் சென்று, சோமனூருக்குப் பிரியும் கருமத்தம்பட்டியில் இறங்கினால், கொங்கு நாட்டுக் கத்தோலிக்கரின் மிகப் பழைய திருத்தலங்களுள் ஒன்றான புனித ஜெபமாலை அன்னை ஆலயத்தை அடையலாம். 1640ஆம் ஆண்டிலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வார்கள். 2019இல் இது பசிலிக்காவாக, அதாவது திருத்தந்தை சிறப்பு நிலை வழங்கும் ஆலயமாக, உயர்த்தப்பட்டது. அக்டோபர் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தோடு நானும் போயிருந்தேன், முக்கியமாகப் பாவசங்கீர்த்தனம் செய்வதற்காக, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்காக.

இவ்வாலய வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைப்பது துபுவா அடிகளாரின் பெயர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின், திப்பு சுல்தானின் ஆட்சியில் கட்டாயத்தால் விசுவாசத்தை விட்டு விலக நேர்ந்த கிறிஸ்தவர்களை மீண்டும் திருச்சபையில் சேர்க்கும் பணி மைசூர் நாட்டில் இந்தப் பிரெஞ்சு குருவிடம் வந்து சேர்ந்தது. கருமத்தம்பட்டியிலும் அவர் தங்கி, ஆலயம் எழுப்பினார். உயிருக்கு அஞ்சி மறுதலித்தவனைக் கடவுள் எப்படித் தீர்ப்பிடுவார் என்பது அந்த மக்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. கோழி கூவுமுன் சீடரான பேதுருவும் இயேசுவை மும்முறை மறுதலித்தவர்தானே! அப்போது ஆண்டவர் திரும்பிப் பேதுருவைக் கூர்ந்து நோக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பார்வை அவருடைய குற்றத்தைச் சுட்டாதிருந்தால் அவர் வெளியே போய் மனம் வெதும்பி அழுதிருக்க மாட்டார். அதில் பரிவு இல்லாதிருந்தால், இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்ட யூதாசின் வழியில் போயிருப்பார். தீர்ப்புக்கு ஒரு பார்வை, இரக்கத்துக்கு மற்றொரு பார்வை என்று இரண்டு முறை அவர் திரும்பவில்லை.

பாவசங்கீர்த்தன வரிசை மிக மெதுவாக நகர்ந்தது. இந்த அருட்சாதனத்தில் குருவானவர் வழங்கும் மன்னிப்பை 1551இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் என்னும் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை நீதிபதியின் தீர்ப்புக்கு ஒப்பிட்டது. ஊர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனை உறுதி. இங்கே ஒப்புக்கொண்டவனுக்கே விடுதலை, அதன் பிறகுதான் பரிகாரமாகச் செய்யச் சொல்லும் அபராதம். எனக்கு அபராதமாகக் கிடைத்தது 130ஆம் திருப்பாடல். அடக்கச் சடங்குகளில் கேட்டுக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, அதன் நடுவிலுள்ள வியப்பை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நீர் குற்றங்களை மனத்தில் கொண்டால் யார்தான் நிலைத்து நிற்க முடியும் என்று கேட்கும் பாடகர், உம்மிடம் மன்னிப்பு இருக்கிறது, ஆகவே மனிதர் உமக்கு அஞ்சுவர் என்று தொடர்கிறார். தண்டனை இருப்பதால் அச்சம் என்று சொல்லியிருந்தால் நமக்கு எளிதாகப் புரிந்திருக்கும். தண்டிப்பவரிடமிருந்து ஓடி ஒளியலாம். எல்லாம் தெரிந்திருந்தும் மன்னிப்பவரிடமிருந்து எங்கே போய் ஒளிவது?

தியானக் கூட்டங்களில் சிலர் நரகத்தை மட்டும் பேசுகிறார்கள். வேறு சிலர், கடவுள் எதையும் பொருட்படுத்த மாட்டார் என்று தேற்றுகிறார்கள். இரண்டாவது பேச்சு இனிமையானது என்றாலும், அதில்தான் கொடுமை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூலியைப் பறிகொடுத்தவரிடம், பறித்தவனைக் கடவுள் ஒன்றும் கேட்க மாட்டார் என்று சொல்வது எந்த வகையில் நற்செய்தியாகும்? பிரெஞ்சுத் துறவியான குழந்தை இயேசுவின் புனித தெரேசா, தாம் இறந்த 1897ஆம் ஆண்டில் ஒரு மறைப்பணியாளருக்கு எழுதிய கடிதத்தில், கடவுளின் இரக்கத்தை நம்பும் அளவுக்கு அவருடைய நீதியையும் நம்புவதாகச் சொன்னார். நம் பலவீனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்பவரே நீதியுள்ளவர் என்பது அவருடைய துணிவு.

மாலையில் ஜெபமாலை தொடங்கியது. நடுத்தீர்க்க வருபவரை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் தொடங்கி, கிருபை தயாபத்து மந்திரம் என்னும் மரியன்னை மன்றாட்டில் முடியும் மன்றாட்டு அது. பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டியின் மணிகள் தேய்ந்து நிறம் மங்கியிருந்தன; அறுந்த ஓரிடத்தைத் தறிநூலால் முடிந்திருந்தார். ஒவ்வொரு பத்து மணியின் முடிவிலும் வரும் "உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ" என்னும் வரியில் மட்டும் அவர் குரல் உயர்ந்தது. முடிந்ததும், யாரை நினைத்துக்கொள்கிறீர்கள் பாட்டி என்று கேட்டேன்.

"எங்க கொழுந்தனாரைத்தான் கண்ணு. காட்டை எழுதி வாங்கிட்டு ஏமாத்திப்போட்டாரு. கேக்கறதைச் சாமி கேக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவரைக் கைவுட்றக் கூடாது, அதையுஞ் சொல்லிப்போட்டேன்."