டாக்காவிலிருந்து பதில் வரும்வரை: ஒரு பருத்தி நூல் ஏற்றுமதிக்காரனின் நாட்குறிப்பு

2024 ஜூலை 19, வெள்ளி

நேற்று இரவிலிருந்து வங்கதேசத்துக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. மெயிலுக்கும் பதில் இல்லை. அரசு வேலை ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தொடங்கிய போராட்டத்தை அடக்க, நாடு முழுக்க இணையத்தை நிறுத்திவிட்டார்கள். இன்று நள்ளிரவு முதல் ஊரடங்கு. கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் ஓடும் மைத்ரி ரயிலும் நின்றுவிட்டது.

பழைய மாதிரி ஐ.எஸ்.டி. போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் 'டொக்' என்று கட் ஆகிறது. மாலையில் ஒருவழியாக, டாக்கா பக்கத்துக் காஜிப்பூர் ஆலையின் கமர்ஷியல் மேலாளர் கிடைத்தார். பத்து வருடமாக எங்கள் நூலை வாங்குகிற பாய். "தாதா (வங்காளத்தில் அண்ணா), வீட்ல எல்லாரும் இருக்கோம். வெளிய சத்தம் கேக்குது. அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான். பேமென்ட் என்ன ஆச்சு என்று கேள் என முதலாளி பக்கத்தில் நின்று சைகை காட்டினார். நான் கேட்கவில்லை.

ஜூலை 24, புதன்

பிராட்பேண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. மொபைல் டேட்டா இன்னும் இல்லை. வங்கிகளும் ஆலைகளும் இன்று திறந்தன. காலையிலிருந்து தேங்கிக் கிடந்த மெயில்கள் ஒரேயடியாக வந்து விழுகின்றன.

இணையம் போனால் பேச்சு மட்டும்தான் நிற்கும் என்று நினைப்போம். சுங்கத்துறையின் கணினியும் அதே கம்பியில்தான் ஓடுகிறது. சட்டோகிராம் துறைமுகத்தில் சரக்கை மதிப்பிட்டு விடுவிக்க முடியாமல் கண்டெய்னர்கள் குவிந்துவிட்டன. எங்கள் 30ஆம் நம்பர் (நூலின் மெல்லிய அளவைச் சொல்லும் எண்) கோம்டு, அதாவது சீவிச் சுத்தம் செய்த, நூலும் அந்தக் குவியலில்தான். டெமரேஜ், அதாவது தாமதத்துக்கான வாடகை, யார் தலையில் விழும் என்பது பிறகு பார்க்க வேண்டிய சண்டை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி நாட்டை விட்டுப் போய்விட்டார். மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன. டாக்காவில் எங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஒரே வரி அனுப்பினேன்: "பத்திரமா?" நூல், விலை, எல்.சி. (பணத்துக்கு வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நேற்று முகமது யூனுஸ் இடைக்கால அரசின் தலைமை ஆலோசகராகப் பொறுப்பேற்றார். பாய் இன்று நிதானமாகப் பேசினார். காவல் நிலையங்களில் ஆள் இல்லையாம். சாலைச் சந்திப்புகளில் கல்லூரிப் பிள்ளைகள் விசிலோடு நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறார்களாம். "போலீஸ் இருந்தப்போ இவ்வளவு ஒழுங்கா யாரும் லேன்ல போனதில்ல தாதா" என்று சிரித்தார். இத்தனை நாளில் முதல் சிரிப்பு.

வங்கியில் ஒரு கணக்கிலிருந்து ஒரு லட்சம் டாகாவுக்கு (வங்கதேச நாணயம்) மேல் ரொக்கம் எடுக்க முடியாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கூலி கொடுப்பதே சிக்கல் என்றார்.

இரவு உட்கார்ந்து, போனில் இருக்கும் வங்கதேச எண்களை வரிசையாகப் பார்த்தேன். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே ஆலை முதலாளிகள் பலர் ஆளுங்கட்சி அரசியலிலும் இருந்தார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருந்தார்கள். ஆட்சி போனதும் அவர்கள் எண்களும் அணைந்துவிட்டன. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு எம்.டி. அப்படித்தான் காணாமல் போனார். டிசம்பரில் இங்கே வந்து நட்சத்திர ஓட்டலில் கைகுலுக்கியவர். ஆனால் அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. ஸ்டோர் இன்சார்ஜ், அக்கவுண்ட்ஸ் பையன், துறைமுகத்தில் சரக்கு எடுக்கும் சி அண்ட் எஃப் ஏஜென்ட் எல்லோரும் போனை எடுக்கிறார்கள். எம்.டி.யின் விசிட்டிங் கார்டைப் பத்திரமாக வைத்திருந்தேன், ஸ்டோர்காரர் எண்ணையோ ஒரு பழைய டெலிவரி சலானின் பின்பக்கத்திலிருந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 24, சனி

வெள்ளம் வேறு. ஃபேனி பக்கம் டாக்கா–சட்டோகிராம் நெடுஞ்சாலை தண்ணீரில். துறைமுகத்தை விட்டு வெளியே வந்த சரக்கும் நடுவழியில் நிற்கிறது.

இதைவிடப் பெரிய கவலை வங்கி. மத்திய வங்கிக்குப் புது ஆளுநராக அஹ்சான் மன்சூர் வந்த கையோடு, சில தனியார் வங்கிகளின் இயக்குநர் குழுக்களைக் கலைத்து மாற்றி அமைக்கிறார்கள். எங்களுக்கு எல்.சி. திறந்திருக்கும் வங்கிகளில் ஒன்று பற்றியும் பேச்சு அடிபடுகிறது. டாக்குமென்ட் எல்லாம் சரி, பணம் தர வங்கியின் ஒப்புதலான ஆக்செப்டன்ஸும் வந்தாயிற்று, 120 நாள் கெடுவும் முடிந்தது, பணம் மட்டும் வரவில்லை. கேட்டால் "டாலர் ஏற்பாடு நடக்கிறது" என்று ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கு இடையிலான) செய்தி வருகிறது.

எல்.சி. என்பது வாங்குபவர் தரும் வாக்கு இல்லை, வங்கி தரும் வாக்கு. ஆலைக்காரர் நாணயஸ்தராக இருந்தும் வங்கி தடுமாறினால் நம் பணம் மாட்டிக்கொள்ளும். அதற்குத்தான் இங்குள்ள வங்கியிடமோ மூன்றாம் நாட்டு வங்கியிடமோ, 'அந்த வங்கி தராவிட்டால் நாங்கள் தருகிறோம்' என்ற உறுதிப்பாடு வாங்குவது. இந்த மாதம் அதற்குக் கேட்கும் கட்டணத்தைப் பார்த்தால் நூலில் லாபமே மிஞ்சாது. பாயிடம் நேராகச் சொன்னேன்: அடுத்த எல்.சி. வேறு வங்கியிலிருந்து வரட்டும். அவர் கோபப்படவில்லை. "நானே சொல்லலாம்னு இருந்தேன், நீங்க தப்பா நினைப்பீங்கன்னு பயந்தேன்" என்றார். முதலில் பேமென்டுக்காகக் கழுத்தைப் பிடித்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வராத பணம் வராத பணம்தான்.

செப்டம்பர் 12, வியாழன்

இப்போது ஆஷுலியா, காஜிப்பூருக்குப் பக்கத்தில் ஆடை ஆலைகள் நிறைந்த பகுதி. தொழிலாளர்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். பாயிடமிருந்து வந்த செய்தியில் இரண்டே சொல்: "13(1) போட்டாச்சு." 2006 தொழிலாளர் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி, சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று சொல்லி ஆலையை மூடினால் அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. இந்த வாரம் ஆஷுலியா முழுக்க அதே எண்தான் ஒலிக்கிறது.

எங்களுக்கு அதன் பொருள்: சரக்கு அனுப்பாதே, கிடங்கு நிரம்பி வழிகிறது. கேட்டுக்கொண்டு நிறுத்தி வைத்தேன். வேறு ஒரு ஆலையில் இப்படி ஒரு செய்தியும் தராமல் விட்டதால், இன்னொரு ஏற்றுமதியாளரின் நூல் துறைமுகத்தில் வாடகை ஏற்றிக்கொண்டிருக்கிறதாம்.

செப்டம்பர் 25, புதன்

நேற்று தொழிலாளர்களின் 18 அம்சக் கோரிக்கைகளுக்கு முதலாளிகள் தரப்பு சம்மதித்தது. இன்று காலை ஆலை திறந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் பாய். கேட்டுக்கு முன்னால் பெண்கள் வரிசை, கையில் டிபன் டப்பா. படம் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது, பரவாயில்லை.

அக்டோபர் 17, வியாழன்

காணாமல் போன எம்.டி.யின் ஆலை பெயரில் ஒரு மெயில். "நிர்வாகம் மாறிவிட்டது, இனி நான்தான் கொள்முதல் தலைவர். பழைய உறவை மதித்து அடுத்த கண்டெய்னரை எல்.சி. இல்லாமல் அனுப்புங்கள், 60 நாளில் பணத்தை வங்கி வழியாக நேரடியாக அனுப்புகிறோம்." லெட்டர்ஹெட் பழையது, மெயில் ஐ.டி. மட்டும் இலவச மெயில். அளவும் விலையும்கூடச் சரியாக எழுதியிருந்தார், அதுதான் உறுத்தியது.

ஸ்டோர்காரரைக் கூப்பிட்டேன். அப்படி யாரும் வரவில்லை, ஆலையை இப்போது நடத்துவது பழைய ஜி.எம்.தான் என்றார். டாக்காவில் இருக்கும் எங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தரும் இன்டென்ட் ஏஜென்ட்டிடமும் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். ஆட்சி மாறும்போது நிஜமாகவே நிர்வாகங்கள் மாறுவதால், பொய்யும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இனி யார் புதிதாக எழுதினாலும், எனக்கு ஏற்கெனவே குரல் தெரிந்த இருவர் சொன்னால்தான் ஃபைல் நகரும்.

டிசம்பர் 4, புதன்

அகர்தலாவில் வங்கதேசத் துணைத் தூதரகத்துக்குள் கும்பல் புகுந்து இரண்டு நாள் ஆகிறது. இரு பக்கமும் டிவியைத் திறந்தால் ஒரே கூச்சல். நம் விசாவும் அவர்களுக்கு ஆகஸ்டிலிருந்தே சுருங்கிவிட்டது, மருத்துவம் மாதிரி அவசரத்துக்குத்தான். வருடா வருடம் ஜனவரியில் நூல் பார்க்க நேரில் வரும் ஆலைக்காரர்கள் இம்முறை வரமாட்டார்கள். சாம்பிள் கோன்களைக் கூரியரில் அனுப்பி, வீடியோவில் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். நூலைக் கையால் தடவிப் பார்க்காமல் வாங்குவது அவர்களுக்குப் பழக்கமில்லை. எனக்கும் காட்டி விற்றுப் பழக்கமில்லை.

அரசியல் பேசுவதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே என் வழக்கம். பாய் எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. ஆனால் இன்று அவரே கேட்டார்: "தாதா, உங்க டிவில எங்களப் பத்திச் சொல்றதெல்லாம் நம்பறீங்களா?" நான் டிவி பார்ப்பதில்லை என்றேன். "நானும்தான்" என்றார். இரண்டு பேரும் பொய் சொன்னோம், இரண்டு பேருக்கும் தெரியும். அப்புறம் ஜனவரி விலைக்குப் போனோம்.

2025 மார்ச் 31, திங்கள்

டாக்காவில் இன்று ஈத். மொத்தமாக ஒரு படத்தை எல்லோருக்கும் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஸ்டோர்காரர் போனில் அவர் பேத்தியைப் பேச வைத்தார், அவளுக்கு என் இந்தி புரியவில்லை, அவள் பேசிய வங்காள மொழி எனக்குப் புரியவில்லை. நிலுவைப் பணத்தில் பாதி போன மாதம் வந்தது. மீதியைப் பற்றி இன்று யாரும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

இந்தியாவிலிருந்து தரைவழி நூல் இறக்குமதியை அங்கே நிறுத்திவிட்டார்கள். பெனாபோல், போம்ரா, சோனாமஸ்ஜித், பங்களாபந்தா, புரிமாரி என எல்லைச் சாவடிகள் எல்லாமே நூலுக்கு மூடல், கடல்வழி மட்டும் உண்டு. உள்ளூர் நூற்பாலைகள் வெகுநாளாகக் கேட்டு வந்தது இது. போன வாரம்தான் நம் அரசும் அவர்களுக்குக் கொடுத்திருந்த, நம் நாட்டு வழியாக மூன்றாம் நாடுகளுக்குச் சரக்கு அனுப்பும் டிரான்ஷிப்மென்ட் வசதியை ரத்து செய்தது.

செய்தி பேப்பரில் வருவதற்கு முன்பே சி அண்ட் எஃப் ஏஜென்ட் கூப்பிட்டுவிட்டார்: "பெனாபோலுக்கு வண்டி ஏத்தாதீங்க." லாரி புறப்படும் முன் தடுக்க முடிந்தது. பெரிய லோடுகள் எப்படியும் கப்பலில்தான் போகின்றன. அவசரத்துக்குச் சின்ன லாட்டாக லாரியில் அனுப்புவதுதான் இப்போது போயிற்று. சின்ன ஆலைகளுக்கு இது பெரிய அடி. ஒரு முழுக் கண்டெய்னர் நூலை வாங்கி வைக்க அவர்களிடம் பணம் கிடையாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

எல்.சி. திருத்தம் வந்துவிட்டது. பெனாபோலுக்குப் பதில் சட்டோகிராம், கடைசி ஷிப்மென்ட் தேதி ஒரு மாதம் தள்ளி. சின்ன ஆலைகள் மூன்றைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் அனுப்பலாம் என்பது பாயின் யோசனை. மூன்று பேருக்கும் தனித்தனி பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) எப்படிப் போடுவது என்று, சரக்கு அனுப்பித் தரும் ஃபார்வர்டரைக் கேட்டிருக்கிறேன். திருத்தக் கட்டணத்தை யார் தருவது என்று அரைமணி நேரம் வாதாடினோம். கடைசியில் ஆளுக்குப் பாதி. போனை வைக்கும் முன் மே மாதத்துக்கு 26ஆம் நம்பர் கார்டடு (கோம்டு போலக் கூடுதலாகச் சீவாத நூல்) என்ன விலை என்று கேட்டார். நாளை மதியத்துக்குள் சொல்ல வேண்டும்.