ஓர் ஓடையின் இரு கரைகள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரைகள்தாம். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் தொடங்கிய தென்னமரம் தோட்டமும் இங்குதான் உள்ளது. இன்று நடப்படும் கலப்பினக் கன்றுகளின் தாய்வழியைத் தேடிச் சென்றால், அது பெரும்பாலும் 1848இல் இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட நான்கே கன்றுகளில் போய் முடியும். ஆகையால் பல மைல் கடந்து போனாலும் மரத்துக்கு மரம் பெரிய வேற்றுமை இராது. இதையே பார்த்து வளர்ந்ததால்தானோ என்னவோ, சில அடிகளில் நிறமே மாறிவிடும் ஒரு பாலைவனச் செடியின் மீது எனக்குத் தீராத ஆர்வம்.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலையில் முளைக்கும் லினாந்தஸ் பாரியே, விரல் உயரமே வளரும் ஒருபருவச் செடி. அதன் பூ ஓரிடத்தில் வெள்ளை, வேறோரிடத்தில் நீலம். எப்லிங், டோப்ஜான்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1942இல் இந்தப் பரவலைப் பதிவு செய்தனர். மறு ஆண்டே மரபியலாளர் சூவல் ரைட் அதைத் தம் கோட்பாட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். மகரந்தமும் விதையும் தாய்ச்செடியை விட்டு அதிகம் விலகுவதில்லை என்பதால், அண்டையிலுள்ளவை உறவாகவும் தொலைவிலுள்ளவை அந்நியமாகவும் ஆகின்றன என்றும், இப்படிப் பிரிந்த சிறு கூட்டங்களில் எந்த நிறம் மிஞ்சும் என்பதைத் தற்செயலே தீர்மானிக்கிறது என்றும் அவர் வாதிட்டார்.

அழகான வாதம். ஆனால் ஷெம்ஸ்கியும் பியர்சிச்சூடெக்கும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்துவிட்டது. ஆழமற்ற ஓர் ஓடைப் பள்ளத்தின் ஒரு பக்கம் முழுக்க நீலம், மறுபக்கம் முழுக்க வெள்ளை. கூட்டங்கள் உண்மையிலேயே பிரிந்து தற்செயலாக மாறியிருந்தால், நிறத்தோடு தொடர்பில்லாத பிற மரபணுக்களும் பள்ளத்தின் இரு புறமும் வேறுபட்டிருக்க வேண்டும். மரபணு வேறுபாட்டைக் காட்டித்தரும் நொதிகளைக் கொண்டு சோதித்தபோது அப்படி எந்த வேறுபாடும் தென்படவில்லை. அதாவது, மரபணுக்கள் பள்ளத்தைக் கடந்து தாராளமாகப் போய்வருகின்றன. செடிகளைப் பக்கம் மாற்றி வளர்த்துப் பார்த்தபோதோ, அந்தந்தப் பக்கத்துக்குரிய நிறமே மேலோங்கியது. மண்ணும், உடன் வளரும் முதன்மையான செடிகளும் இரு புறமும் வேறு வேறாக இருந்தன. எனவே நிறத்தைப் பிரித்தது தொலைவு அன்று, நிலம்.

இதனால் ரைட்டின் கோட்பாடு பயனற்றது என்று சொல்ல நான் துணியமாட்டேன். தொலைவு கூடக் கூட மரபு வேற்றுமையும் கூடுகிறதா என்பதே இன்றும் இத்தகைய ஆய்வுகளின் முதல் கேள்வி. அவர் பிடித்துக்கொண்ட பூதான் பொருத்தமற்றது.

பாலையில் காலமும் குறுக்கிடுகிறது. இச்செடியின் விதைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கக்கூடியவை என்பதால், ஒரு வசந்தத்தில் பூத்தவற்றை மட்டும் எண்ணினால் கூட்டத்தின் முழு அளவு தெரியாது. நிறங்கள் கலந்து வளரும் இடத்தில் ஷெம்ஸ்கியும் பியர்சிச்சூடெக்கும் முன்னரே செய்த நெடுநாள் ஆய்வில், விதை குறைவாக விளைந்த ஆண்டுகளில் நீலமும் மிகுதியாக விளைந்த ஆண்டுகளில் வெள்ளையும் முந்தின. மண்ணுக்கடியில் விதை இருப்பு இருக்கும் வரை, ஒரு மோசமான பருவம் இரண்டில் எதையும் எளிதில் துடைத்தெறிந்துவிட முடியாது.