சிறிய ரிவால்வர், பெரிய தோட்டா

இன்று டெக்சஸில் ஒரு துப்பாக்கிக் கடையில், விற்பனையாளர் கண்ணாடி மேசைமீது எடுத்து வைத்த, சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் புல்டாக் ரிவால்வரைத் தூக்கிப் பார்த்தேன். .44 ஸ்பெஷல் என்னும் பருமனான தோட்டாவைச் சுடும் ரிவால்வர் ஒன்று வெறும் 600 கிராம் அளவில் இருப்பது வியப்பாக இருந்தது.

உருளையைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

தோட்டாக்களுக்கு ஆறு அல்ல, ஐந்து அறைகள். அவற்றுக்கு நடுவே மெல்லிய எஃகுச் சுவர்கள்.

1973இல் வெளிவந்த இந்த வடிவம், ஓர் அறையை விட்டுக்கொடுத்ததால்தான் இவ்வளவு பருமனான தோட்டாவையும் இடுப்புறைக்குள் அடங்கும் உடலையும் ஒன்றுசேர்க்க முடிந்தது.

1907ஆம் ஆண்டின் .44 ஸ்பெஷல், 246 கிரெய்ன் (ஏறத்தாழ 16 கிராம்) ஈயக் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 750 அடி வேகத்தில் செலுத்துகிறது. அது வேகத்தைவிடப் பருமனையும் எடையையுமே நம்பியிருப்பதால் குட்டைக் குழலுக்கும் ஏற்றது. அதைவிட நீளமும் வலிமையும் மிகுந்த .44 மேக்னம் தோட்டா இந்தத் துப்பாக்கியில் நுழையாது. அது நல்லதே, இந்த எடையில் அதன் உதைப்பை மணிக்கட்டு தாங்காது.

ஆனால், துப்பாக்கியின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவுசெய்வதை நான் ஏற்கவில்லை. .44 ஸ்பெஷல் தோட்டாக்கள், அதைவிடச் சிறிய .38 ஸ்பெஷல் தோட்டாக்களைவிடக் கணிசமாக விலை கூடியவை. செலவுக்கு அஞ்சிப் பயிற்சியைக் குறைப்பவரின் இடுப்பில் எந்தப் பெரிய தோட்டாவும் பயன்படாது.

மாதந்தோறும் தோட்டாவுக்கும், முதலில் ஒரு நல்ல தோலுறைக்கும் பணம் ஒதுக்க முடிந்தவருக்கே புல்டாக்கைப் பரிந்துரைப்பேன், மற்றவர்களுக்கு .38 ரிவால்வர் போதும்.