சொரிமுத்து அய்யனார் காட்டில் கேட்ட பதில்கள்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கு வருகிறவர்களிடம் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. எதற்காக வருகிறார்கள், இந்த இடம் அவர்களுக்கு என்ன, அடுத்த முறையும் வருவார்களா என்று கேட்டு எழுதிக்கொள்வோம். மீதி நேரத்தில் பாபநாசம் சோதனைச் சாவடியில் நின்று பைகளில் பிளாஸ்டிக் பார்ப்பது, ஆற்றங்கரையைச் சுத்தம் செய்வது. இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்வது நல்லது என்று நினைக்கிறேன். காலையில் நம்மிடம் கண் கலங்கப் பேசியவர் மாலையில் எதை விட்டுவிட்டுப் போகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

அகஸ்தியர் அருவிக்கு வருகிறவர்களிடம் பேசுவது எளிது. "குற்றாலத்துல கூட்டம்னாங்க, அதான் இங்க வந்தோம்" என்பார்கள். தண்ணீர் நன்றாக விழ வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்னொரு இடம் இதைவிட வசதியாக இருந்தால் அங்கே போய்விடுவார்கள்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வருகிறவர்கள் வேறு. காரையாறு போகும் வழியில், காட்டுக்குள், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது கோயில். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் குலதெய்வம். முன்பெல்லாம் வண்டி கட்டி வந்து வாரக்கணக்கில் குடில் போட்டுத் தங்குவார்கள். இப்போது சில நாட்களுக்குத்தான் அனுமதி. போக வர அரசுப் பேருந்து. 1962-இல் முண்டந்துறை சரணாலயமானது, 1976-இல் களக்காடு. இரண்டையும் சேர்த்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகத்தை உருவாக்கினார்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டன் அதற்கெல்லாம் முன்பே இங்கே பொங்கல் வைத்தவர்கள்.

எங்கள் கேள்வித்தாளில் ஒரு வரி உண்டு: 'வேறு எந்த இடமும் எனக்கு இந்த இடத்துக்கு ஈடாகாது.' ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா, எந்த அளவுக்கு என்று ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்ல வேண்டும். பூங்காக்களுக்கு வருவோரின் பிணைப்பை அளக்கப் பல நாடுகளிலும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஒரு பெரியவரிடம் இதை வாசித்தேன். நான் விளங்காமல் பேசுகிறேன் என்று நினைத்துப் பொறுமையாகவே சொன்னார்: "வேற எடமா? நமக்கு முடி எறக்குனது, காது குத்துனது, எங்க அய்யாவுக்குத் திதி குடுக்கது எல்லாம் இங்கதான தம்பி. அய்யன் இங்கதான இருக்காவ?" எந்த எண்ணைக் குறிப்பது? ஐந்து என்று குறித்தேன். அருவிக்கு வந்த ஓர் இளைஞரும் அதே நாளில் அதே கேள்விக்கு ஐந்து சொல்லியிருந்தார்.

அந்தப் பெரியவரின் குடும்பம் ஒரு மருத மரத்தடியில்தான் எப்போதும் அடுப்பு மூட்டுமாம். மரத்தின் வேர் எங்கே பாறையைப் பிடிக்கிறது, வெள்ளம் வந்த வருஷம் மணல் எதுவரை ஏறியது எல்லாம் அவருக்கு அத்துப்படி. கோயிலில் ஓர் இலுப்பை மரம் இருக்கிறது, மணிவிழுங்கி மரம் என்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் அதில் கட்டிய மணிகளை மரம் மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். பட்டை வளர்ந்து விளிம்பை மூடி, நாக்கு மட்டும் வெளியே தெரிகிற ஒரு மணியைக் காட்டி, அது தன் அம்மா கட்டியது என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அதே கோயிலில், காவல் தெய்வம் பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அடுத்த வருஷம் வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும், அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் காவல் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. காட்டைக் காக்க ஆள் இருக்கிறார் என்று தலைமுறைகளாக நம்பும் மக்களிடம், 'புலியைக் காப்போம்' என்று அச்சடித்த தாளை நீட்டுகிறோம். அந்தத் தாள் அவர்களிடம் எதுவும் பேசுவதில்லை.

ஆனால் இந்தப் பற்று ஆற்றைக் காப்பாற்றிவிடவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் கரையில் இறங்கிப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போகும் என்று விட்டுவிடுகிறார்கள். பாறை இடுக்கில் சிக்கிய ஒரு சேலையை இழுத்துப் பாருங்கள். மடிப்புக்குள் மணல் இறுகி, ஒரு ஆளால் தூக்க முடியாத கனம் இருக்கும். உள்ளே சிக்கிச் செத்த மீன்களும் இருக்கும். பாலியெஸ்டர் துணி மட்காது. அருவிக்கு வந்து போகிறவர் ஒரு பாட்டிலைப் போடுகிறார் என்றால், உயிரையே வைத்திருக்கிறவர் நாட்கணக்கில் தங்கிச் சமைத்து, அதைவிட அதிகமாகவே விட்டுவிட்டுப் போகிறார். காப்பகத்தின் மையப் பகுதி மட்டுமே 895 சதுர கிலோமீட்டர் காடு என்றாலும் கூட்டம் மொத்தமும் கூடுவது ஆற்றோரத்தில் சின்ன ஒரு துண்டில்தான். யானை தண்ணீருக்கு இறங்குவதும் ஆற்றுக்குத்தான். கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தக் கட்டுப்பாட்டை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எனக்கு மனக்குறை. மருதடிப் பெரியவரிடம் புலியைப் பற்றிப் பேசாமல், அவர் அடுப்படிக்குப் பக்கத்தில் எடுத்த துணிக் குவியலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் பேரன்களைக் கூப்பிட்டு, "நம்ம எடத்துல கெடக்குல, எடுங்க" என்றார். பக்கத்துக் குடிலுக்கும் போய் அதட்டினார். நான் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினாலும் அது நடந்திருக்காது. 'நம்ம எடம்' என்பதற்கு அவருக்கு எல்லை உண்டு, அந்த மரத்திலிருந்து அந்தப் பாறை வரை. அந்த எல்லையை அவரிடமே பொறுப்பாகக் கொடுத்தால் என்ன என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். சாவடியில் வைத்துப் பையைப் பிரிப்பது அவர்களுக்கு அவமானமாகப் படுகிறது. சாமிக்கு விரதம் இருந்து, மாற்றுத்துணியும் அரிசியும் பாத்திரமும் கட்டிக்கொண்டு வந்த பிறகு, வாசலில் நிறுத்தி எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்து வெளியே வை என்றால் யாருக்கும் கோபம்தான் வரும். மூட்டை கட்டுவது ஊரில். அதனால் பேச வேண்டியதும் ஊரில்தான். ஆண்டுதோறும் குடில் போடுகிற குடும்பங்களின் ஊர்ப் பெயர்கள் எங்கள் கேள்வித்தாள்களிலேயே இருக்கின்றன. அடுத்த ஆனி மாதம், அவர்கள் சாமான் வாங்கக் கிளம்பும் முன்பே, முதலில் அந்த ஊர்களுக்குப் போகலாம் என்று இருக்கிறோம்.