றூட் பைல் சிஸ்டம் பிராக்டிக்கல் எழுதப் போறவைக்கு

நேற்று றூட் பைல் சிஸ்டம் (லினக்ஸ் பூட் ஆகும்போது ஏற்றுகிற அடிப்படைப் பைல் தொகுதி) பிராக்டிக்கலின் ரிசல்ட் வந்தது. பாஸ். வற்றாப்பளை அம்மனுக்கு அம்மா வைத்த நேர்த்தி கிடக்கிறது. அதற்கு முதல் இதை எழுதிவிடுகிறேன்.

எனக்கு இது இரண்டாந்தரம். முதல்தரம் சிபியோவில், அதாவது பைல்களை ஒரே பொதியாகக் கட்டுகிற கொமாண்டில், ஒரேயொரு ஒப்ஷனை விட்டு பெயிலானேன்.

கேள்வி இதுதான்: ஒரே டிரெக்டரியில் இருந்து மூன்று இமேஜ் (முழு றூட்டையும் அடக்கிய ஒற்றைப் பைல்), மூன்றும் பூட் ஆகவேண்டும். ஈஎக்ஸ்டி4 (வழக்கமான டிஸ்க் போர்மட்), ஸ்குவாஷ்எப்எஸ் (சுருக்கிய, வாசிக்க மட்டுமான போர்மட்) இரண்டையும் முக்கால் மணித்தியாலத்தில் முடித்தேன். மூன்றாவதான இனிட்றாம்எப்எஸ்ஸுக்கு (லினக்ஸின் மையமான கேர்னல் மெமரியில் விரிக்கிற றூட்), பைண்ட் கொமாண்ட் எடுத்த பைல் பட்டியலைச் சிபியோவுக்குள் தள்ளி, ஜிசிப்பால் சுருக்கி பூட் பண்ணினால் கேர்னல் பனிக், மெசின் அப்படியே நின்றது. றூட்டை மவுண்ட் பண்ண முடியவில்லையாம். கேர்னல் முதலில் ஓட்டுகிற இனிட் ஸ்கிரிப்டில்தான் பிழை என்று மிச்ச நேரம் முழுக்க அதையே திருத்தினேன். ஸ்கிரிப்டில் ஒரு பிழையும் இல்லை. சிபியோ தானாக எழுதுவது பழைய பைனரி போர்மட். கேர்னலுக்கு வேண்டியது நியூசி என்ற போர்மட். ‘மைனஸ் பெரிய எச் நியூசி’ என்று நாங்கள்தான் சொல்லவேண்டும். கிளிநொச்சியில் இருந்து வந்த பஸ் பரந்தன் சந்தியில் திரும்பும்போது இது நினைவுக்கு வந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

ஆகவே இதை மட்டும் நூறுதரம் செய்யுங்கள். ஜிசிப் பண்ண முதல் ‘பைல்’ கொமாண்ட் போடுங்கள். அது நியூசியை எஸ்விஆர்4 என்று காட்டும், அப்படி வந்தால் சரி. டிரெக்டரிக்கு உள்ளே போய் நின்று பைண்ட் அடியுங்கள். வெளியே நின்று அடித்தால் டிரெக்டரியின் பெயரும் பாதையில் ஒட்டிக்கொள்ளும், கேர்னல் தேடுகிற இடத்தில் இனிட் இராது.

டெபியன் றூட்டை இணையத்தில் இருந்து இறக்குகிற டெபூட்ஸ்ட்றாப்பைப் பழக நல்ல இணைப்பு வேண்டும். விசுவமடுவில் எங்கள் வீட்டில் சிக்னல் கிணற்றடியில்தான். பல கொமாண்ட்களை ஒரே பைலில் அடக்கிய பிசிபொக்ஸ் ஸ்டற்றிக் பைனரி ஒன்றை இறக்கி, மூன்று மாதம் அதிலேயே பழகினேன். கூடிப் படிப்பவர்கள் படியுங்கள். எனக்கு விடிய நாலு மணிக்குத் தனிய இருந்தால்தான் ஏறும்.

மிச்சம்:

- ஈஎக்ஸ்டி4: ட்றங்கேற் கொமாண்டால் வெறும் பைல் ஒன்று, பிறகு பைல் சிஸ்டம் உருவாக்குகிற எம்கேஎப்எஸ்ஸுக்கு ‘மைனஸ் சின்ன டி’ போட்டு டிரெக்டரியைக் காட்டுங்கள். மவுண்டும் வேண்டாம், சூடோவும் (அட்மின் உரிமை) வேண்டாம். ஆனால் பேக்றூட்டுக்குள் (நாங்கள் றூட் என்ற அட்மின் யூசர்போல் நடிக்க வைக்கிற கொமாண்ட்) செய்யுங்கள், இல்லாவிட்டால் பைல்கள் றூட்டின் பெயரில் இராது.
- ஸ்குவாஷ்எப்எஸ்: பழைய இமேஜின் மேல் மறுபடி ஓட்டினால் அழித்து எழுதாது, கூடச் சேர்க்கும். ‘நோஅபெண்ட்’ போடுங்கள்.
- எக்ஸ்எப்எஸ் (இன்னொரு டிஸ்க் போர்மட்) கேட்டால்: புது எம்கேஎப்எஸ் 300 மெகாபைட்டுக்குக் குறைந்த இமேஜை ஏற்காது.
- மான் பக்கம் (கொமாண்ட்களின் கையேடு) பரீட்சை மெசினில் இருக்கும். சிபியோவின் போர்மட் பட்டியல் அதிலேயே கிடக்கிறது. இரண்டாந்தரம் கேள்வியை வாசிக்க முதல் அதைத்தான் திறந்து வைத்தேன்.